டைம் ஆபீஸ்காரரின் டெல்லி

குதுப் மினாரை நான் இருபத்திரண்டு நிமிஷம் பார்த்தேன். இருபதாவது நிமிஷத்தில் விசில் ஒருதரம் ஊதியது. அது எச்சரிக்கை. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் இரண்டுதரம் ஊதியது. அது புறப்பாடு. அண்ணாந்து பார்த்த கழுத்தை இறக்குவதற்குள் எங்களை வேனில் ஏற்றியாகிவிட்டது. விசில் ஊதியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் கோயமுத்தூர் கணபதிக்கு வந்தபோது, எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் இருந்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே வருகிறவர்கள் கார்டை நீட்டுவார்கள், அவர் நேரம் போடுவார். ஒரு நிமிஷம் தாமதமானாலும் அந்த ஒரு நிமிஷம் கார்டில் ஏறிவிடும். ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதும் அவர் பொறுப்புதான். காலையில் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் மணியோசைக்குக் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவார். இரண்டும் ஒத்துப்போனால் ரேடியோ ஸ்டேஷன்காரர்களைப் பாராட்டுகிற மாதிரி ஒரு தலையாட்டல்.

குடிவந்த மூன்றாம் நாள் அவரிடம் கேட்டேன். "ஏனுங்ணா, காந்திபுரத்துக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுங்க?"

"எதுக்குப் போறீங்கங்கறதப் பொறுத்துங்க அம்மணி."

"துணி எடுக்கறதுக்குங்ணா."

"அப்ப ஒம்பது அம்பதுல ஏறிப்போடாதீங்க. அது பூரா காலேஜுப் புள்ளைங்க. ஒம்பது அம்பத்தெட்டு வரும். டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பாலம் தாண்டற வரைக்கும் வெயிலடிக்கும், அப்பறம் வெயில் அந்தப்பக்கம் போயிருமுங்க."

பாலம் தாண்டியதும் வெயில் அந்தப் பக்கம் போனது. பிறகு ஈரோட்டில் நான் ஒரு வேலைக்குப் பரீட்சை எழுதப் போனபோது ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தார். எந்த பஸ், எந்த வாசல், பெருந்துறையில் பஸ் நிற்கும் ஆனால் இறங்க வேண்டாம், அங்கே டீ நன்றாக இருக்காது. நான் இறங்கவில்லை. பரீட்சையில் பாஸானேன், கோயமுத்தூரிலேயே வேலையும் கிடைத்தது. அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அவர் நினைத்தார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. அவரிடம் இருந்த கஷ்டமே அதுதான்.

இத்தனை பேரை இத்தனை ஊருக்கு அனுப்பியவர், தான் போனது ஒரு பக்கம் ஈரோடு, ஒரு பக்கம் பாலக்காடு, வருஷத்துக்கு ஒருதரம் காரமடைத் தேர், மாமனார் ஊரான தாராபுரம். அவ்வளவுதான். ஆனால் மற்ற வீடுகளில் சாமி காலண்டர் மாட்டியிருக்கும் இடத்தில் அவர் வீட்டில் டெல்லி மேப் மாட்டியிருந்தது. அதில் சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று கோடுகள். மூன்று நாளைக்கு மூன்று. நான் பார்த்தபோதே அந்தத் திட்டத்துக்கு நாலு வயது ஆகியிருந்தது.

"ஏனுங்ணா டெல்லி? பக்கத்துல ஊட்டி இருக்குதுங்களே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊட்டிக்கு என்ன பிளானுங்க? ஏறுனா ஊட்டி, எறங்குனா மேட்டுப்பாளையம். டெல்லி பெரிய ஊருங்க அம்மணி. ராசாக்க மாறி மாறிக் கட்டிப்போட்டுப் போயிருக்கறாங்க, ஒண்ணு தெக்க, ஒண்ணு வடக்க. ஒரு ஒழுங்கே இல்ல. நாமதான் ஒழுங்கு பண்ணோணும்."

தெருமுனை பேக்கரியில் ஒருநாள் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த காரமடைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் டெல்லியில் இருந்தவர். செங்கோட்டையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நம்மவர் இடையில் நுழைந்தார்.

"உள்ள நுழைஞ்சதும் கடைவீதி எத்தன தப்படிங்க?"

பட்டாளத்துக்காரர் முழித்தார். "அதெல்லாம் எண்ணிப் பாத்ததில்லீங்க."

"குதுப் மினார்ல இருந்து பாத்தா இரும்புத் தூணு எந்தப் பக்கம்?"

"அது... எதிர்க்கத்தான் இருக்கும்."

"எதிர்க்கன்னா? நீங்க எங்க நின்னீங்க?"

என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கால் மணி நேரத்தில் அந்த மனுஷன், தான் டெல்லியில் இருந்ததையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாராம். போகும்போது, "நீங்க எத்தன வருசம் அங்க இருந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாராம். "நான் இன்னும் போகலீங்க. அதனாலதான் எல்லாம் நெனப்புல இருக்குது" என்றாராம் நம்மவர்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வெடியால நாலரைக்கு எழுந்துவிடுவார். குழாயில் சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்பது மட்டும் டைம் ஆபீசுக்குக் கட்டுப்படாத விஷயம். அதனால் அதற்குக் காவல் இருப்பது அக்காவின் வேலை. ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி சோறு, டிபன், துணி. மத்தியானம் மிச்சமிருக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும். "டெல்லில உங்களுக்கு என்னக்கா பாக்கோணும்?" என்று கேட்டேன் ஒருநாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எனக்கென்ன கண்ணு. அவரு பாக்கறதப் பாக்கறதுதான்" என்றார்.

எட்டு வருஷத் திட்டம் அப்படியே இன்னொரு எட்டு வருஷம் ஓடியிருக்கும். அதைக் கிளப்பிவிட்டவர் அக்காவின் அண்ணன், தாராபுரத்துக்காரர். நல்ல உடம்பு, தோட்டம் துரவு, எதற்கும் அவசரப்படாத மனுஷன். ஒரு சீர் வீட்டில் நாலுபேர் நடுவில் அவர் கேட்டார்: "மாப்ள, எட்டு வருசமா டெல்லிக்குப் போயிட்டே இருக்கறீங்க. எப்பத்தானுங்க போய்ச் சேருவீங்க?"

பந்தியே சிரித்தது. நம்மவர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டார். அடுத்த வாரமே எட்டுப் பேருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவர்கள் இருவர், தாராபுரத்துக்காரரும் அவர் மனைவியும், நாங்கள் இருவர், எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரும் லேத் ஆபரேட்டரான அவர் கணவரும். டீச்சருக்கு அரைப்பரீட்சை லீவு என்பதால் டிசம்பர் கடைசி. கேலி செய்தவரையே முதல் ஆளாகச் சேர்த்திருந்தார். "வந்து பாக்கட்டும்" என்றார்.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது ஒத்திகை நடந்தது. டெல்லி ரயில் கோயமுத்தூர் ஜங்ஷனில் சில நிமிஷம்தான் நிற்கும். எட்டுப் பேரும் பெட்டி படுக்கையோடு அதற்குள் ஏறுவது எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, காலிப் பெட்டிகளோடு போய் நின்றோம். ஏதோ ஒரு சென்னை ரயில் வந்தது. விசில் ஊதினார், ஏறினோம். விசில் ஊதினார், இறங்கினோம். ஏழு பேர் இறங்கினோம். தாராபுரத்துக்காரர் ஜன்னலோரம் காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார். திருப்பூரில் இறங்கி பஸ் பிடித்துப் பொழுதோட வந்து சேர்ந்தார். டிக்கெட் பரிசோதகரிடம் "இது ஒத்திகைங்க" என்று அவர் எடுத்துச் சொன்னது எடுபடவில்லையாம்.

"ஒத்திகை எதுக்கு வெக்கறது?" என்றார் நம்மவர், கொஞ்சமும் கலங்காமல். "இந்த மாதிரித் தப்பெல்லாம் இங்கயே நடந்து முடிஞ்சுபோடோணும்னுதான்."

கிளம்புகிற நாளுக்கு முன் ஒரு வாரம் அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை. புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, முறுக்கு, இட்லிப் பொடி. வெளிச் சாப்பாடு நேரத்தைத் தின்றுவிடும் என்பது நம்மவருடைய கொள்கை. ஒவ்வொருவர் கையிலும் லாட்ஜ் பெயர், விலாசம் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தார். தமிழில் ஒருபக்கம், யாரிடமோ கேட்டு இந்தியில் ஒருபக்கம். மழை பெய்தால், கடையடைப்பு வந்தால், யாருக்காவது வயிறு கெட்டால் என்று எல்லாவற்றுக்கும் மாற்றுத் திட்டம் இருந்தது.

பனிமூட்டத்துக்கு இல்லை. ஆக்ரா வருமுன்னரே ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்தது. நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. காலையில் சேர வேண்டியவர்கள் சாயங்காலமாகியும் சேரவில்லை. தாராபுரத்துக்காரர் போர்த்திக்கொண்டு முறுக்குத் தின்றார். நம்மவர் மட்டும் நோட்டைப் பிரித்து ஏதோ அடித்து எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து சொன்னார்:

"ஒரு நாள் போச்சுங்க. ஆனா கவலப்படாதீங்க. ஒரு எடம்கூட வெட்டலீங்க. நிமிசத்தத்தான் வெட்டியிருக்கறேன்."

அப்படித்தான் முக்கால் மணி நேரக் குதுப் மினார் இருபத்திரண்டு நிமிஷமானது. இந்தியா கேட் ஒன்பது நிமிஷம். தாமரைக் கோயிலில் உள்ளே அமைதியாக உட்கார வேண்டும் என்பார்கள். எங்களுக்கு நாலு நிமிஷ அமைதி. ஒவ்வொரு இடத்திலும் அவர் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நின்று, யார் கட்டியது, எத்தனை வருஷம், எந்தக் கல் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு விசில். அவர் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஸ்டெல்லா டீச்சர், "சார், நீங்க பாக்கலீங்களா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியுமுங்களே" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஹுமாயூன் சமாதிக்குப் போனோம். பனி விலகி, அந்தப் பயணத்திலேயே முதல்தடவையாக நல்ல வெயில். சுற்றிலும் பெரிய புல்வெளி. அக்கா விடியுமுன் எழுந்து எட்டுப் பேருக்கும் ரொட்டியில் தொக்குத் தடவிப் பொட்டலம் கட்டியிருந்தார். அந்தப் பையும் தண்ணீர் கேனும் இரண்டு நாளாக அவர் கையில்தான் இருந்தன. எங்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுத் தானும் சாப்பிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். விசில் ஒருதரம் ஊதியது. எழுந்தோம். அக்கா எழவில்லை.

"எந்திரி. இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்குது" என்றார் நம்மவர்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறனுங்க."

"இங்கயேன்னா?"

"இங்கயேதானுங்க. இந்த மரத்தடில."

"அடுத்தது செங்கோட்ட!" அவர் குரலில் அதிர்ச்சி. "செங்கோட்டையப் பாக்காமயா?"

"அது எங்க போயிருமுங்க? முந்நூறு வருசமா அங்கயேதான இருக்குது."

அவர் நோட்டைப் பிரித்தார். அதில் மழைக்கு இருந்தது, கடையடைப்புக்கு இருந்தது. மனைவி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வதென்று இல்லை. "நான் அக்காகூட இருக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து, "நீ போயிப் பாத்துட்டு வா கண்ணு. என்கூட ஒருத்தரும் வேண்டாம்" என்றார். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் கூட இருக்கிறேன் என்று இன்னொருதரம் சொல்ல முடியவில்லை.

"சரி. மூணு முப்பதுக்கு வருவோம். இதே மரம். இந்த எடத்த உட்டு நகரக் கூடாது" என்றார் அவர். அக்கா தலையாட்டினார். விசில் இரண்டுதரம் ஊதியது.

செங்கோட்டைக்குப் போகும் வழியில் ஏதோ ஊர்வலம். வேன் முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே போனதும் அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். அரசர் உட்கார்ந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, "மணி என்ன ஆச்சு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர், அடுத்தவரிடம் மணி கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது.

மரத்தடியில் அக்கா இல்லை.

வெயில் சாய்ந்து, மரத்தின் நிழல் நீண்டு கிடந்தது. குளிர ஆரம்பித்திருந்தது. அவர் விசில் ஊதினார். ஒருதரம், இரண்டுதரம், பிறகு கணக்கில்லாமல். காவலாளி ஓடி வந்து இந்தியில் திட்டினார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சரசு!" என்று கூப்பிட்டார். அக்காவின் பெயர் அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். "சரசூ!"

என் வீட்டுக்காரரும் டீச்சரின் கணவரும் ஆளுக்கொரு பக்கம் சுற்றப் போனார்கள். தாராபுரத்துக்காரர் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. நம்மவர் மட்டும் மரத்தை விட்டு நகரவில்லை. "இங்கதான் வருவா. நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கறேன். அவ நான் சொன்னா கேப்பா" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "ஒரு மணி இருவது நிமிசம் லேட்டுங்க அம்மணி" என்றார். இருபது வருஷமாக அவர் எழுதியதெல்லாம் அடுத்தவர்களின் தாமதம். ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

சுற்றப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். போலீசுக்குப் போகுமுன் லாட்ஜில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

லாட்ஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம் கழுவி, தலை வாரி, சால்வை போர்த்தி, பளிச்சென்று இருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஏனுங்க இத்தன நேரம்?" என்றார்.

நம்மவர் வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "எங்க போனே?" என்றார்.

"இங்கதானுங்க, அங்கங்க."

"அங்கங்கன்னா?"

"பாத்துட்டு வந்தனுங்க. டீ சொல்லட்டுங்களா?"

அதற்குமேல் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரயில் ஏறுமுன் நாங்கள் இன்னும் மூன்று இடம் பார்த்தோம். விசில் ஊதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தை இவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளோ என்ற சந்தேகம்.

திரும்பி வரும் ரயிலில், கைகழுவும் இடத்தில் நாங்கள் இருவரும் தனியாக நின்றபோது கேட்டேன். "அக்கா, நெசமா எங்க போனீங்க?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்கயும் போகல கண்ணு. தூங்கினேன்."

"தூங்கினீங்களா?"

"நீங்கெல்லாம் போனதும் பையத் தலைக்கு வெச்சுக் கண்ண மூடினேன். கொஞ்ச நேரத்துல நெழலு வந்திருச்சு, குளுந்துது. வெயில் எங்க இருக்குதுன்னு பாத்து அந்தக் கட்டடத்துக்குப் பின்னால போயிப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம். முழிச்சா நாலரை. மரத்தடிக்கு வந்தேன், ஒருத்தரையும் காணோம். நீங்க வந்து பாத்துட்டு லாட்ஜுக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குதுன்னு அட்டையக் காட்டி ஆட்டோ ஏறிட்டேன்." சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவருகிட்டச் சொல்லிப்போடாத. தூங்கறதுக்கா இத்தன தொலவு உன்னக் கூட்டிட்டு வந்தேம்பாரு. கேட்டாலும் ஞாயந்தான். ஆனா அது எனக்குன்னு இருக்கட்டும்."

நான் சொல்லவில்லை. ஊர் வந்தபிறகுதான் அவருடைய உண்மையான டெல்லி ஆராய்ச்சி ஆரம்பித்தது. மேப்பில் ஹுமாயூன் சமாதியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டார். ஆட்டோவில் போய், பார்த்துவிட்டு, நாலு ஐம்பதுக்குள் மறையக்கூடிய தூரம். அந்த வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் எழுதிவைத்து, சோறு போடும்போதும் துணி காயப்போடும்போதும் அக்காவை மடக்கப் பார்ப்பார்.

"அங்க யானை இருந்துதா?" என்பார் திடீரென்று. அந்த வட்டத்துக்குள் மிருகக்காட்சி சாலை இருந்தது.

"யானை இல்லாத ஊரு ஏதுங்க?" என்பார் அக்கா, ரசம் ஊற்றிக்கொண்டே.

"படி ஏறினயா, எறங்கினயா?"

"ஏறினா எறங்கித்தான ஆகோணும்."

ஆறு மாதத்தில் விஷயம் பேக்கரிக்குப் போய்விட்டது. அவரே கொண்டுபோனார், பெருமையாக. "நாங்க எல்லாரும் பாத்தது புஸ்தகத்துல இருக்கறதுங்க. என்ற ஊட்டுக்காரி பாத்த எடம் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க" என்றார். ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்துக்குக் கதவும் படிக்கட்டும் சலவைக்கல் தரையும் வந்துவிட்டன. டெல்லிக்குப் போகிறவர்கள் அவரிடம் வழி கேட்க வந்தால், எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில், "இன்னொரு எடம் இருக்குது. அது எனக்குத் தெரியாதுங்க" என்பார். தெரியாது என்ற சொல்லை அவர் வேறு எதற்கும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு எனக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்தோம். எந்தச் சாமான் முதலில் ஏற வேண்டும், பீரோ எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று லாரிக்காரரை அவர் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, உங்களுக்குத் தெரியுமுங்க. அவ உங்ககிட்டச் சொல்லியிருப்பா. இனி நான் யாரைக் கேக்கறது? சொல்லிப்போட்டுப் போங்க."

அக்கா உள்ளே எங்களுக்காகச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"தூங்கினாங்கண்ணா" என்றேன்.

"எங்க?"

"அங்கயேதானுங்க. சமாதிக்குப் பின்னால, வெயில்ல."

அவர் சிரித்தார். "சொல்ல இஷ்டமில்லீன்னா உடுங்க அம்மணி. ரெண்டு ராத்திரி ரயில்ல போயி யாராச்சும் தூங்குவாங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல நின்றது. சாக்கில் கட்டிய எங்கள் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டு நின்றவர், கேட்டார்:

"ஏனுங்க, ஊட்டுல அவ மத்தியானத்துல தூங்கறதில்லீங்களா?"

அதை அவர் என்னிடம் கேட்டார். கம்பெனியில் யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்று இருபத்து மூன்று வருஷம் எழுதியவர், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"நான் குடிவந்து ஏழு வருசமாச்சுங்ணா. ஒருநாளும் பாத்ததில்லீங்க" என்றேன்.

லாரி டிரைவர் இரண்டுதரம் ஹாரன் அடித்தும், ஓரமாக நகர வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்கக் கணபதிக்குப் போனேன். அவர் அதற்குள் ரிட்டயராகியிருந்தார். நான் போனபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். தெருவில் கூவிக்கொண்டு வந்த கீரைக்காரம்மாவைக் கையாலேயே திருப்பி அனுப்பினார்.

"தூங்கறா" என்றார் என் காதுக்குள். "ரெண்டுல இருந்து நாலு வரைக்கும். தினமும். ஒரு நாள் தப்பாம."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆரு, நீயா? உள்ள வா கண்ணு. ரெண்டு மணியிலிருந்து கூரையவே பாத்துட்டுப் படுத்திருக்கறேன். எந்திரிக்க உடமாட்டீங்கறாரு."

"இன்னும் அம்பத்தஞ்சு நிமிசம் இருக்குது. கண்ண மூடு" என்றார் அவர், திரும்பாமல்.

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எனக்கு இன்னொரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து போட்டார். இரண்டுபேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கால்மணி நேரம் போயிருக்கும். உள்ளேயிருந்து லேசாகக் குறட்டை கேட்டது.

எனக்கு ஈரோட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அக்காவைப் பார்க்காமல் போக மனசில்லை. காத்திருந்தேன். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். உள்ளே மாட்டியிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்து மெதுவாக, "அண்ணா, நாலு மணி ஆயிருச்சுங்க" என்றேன்.

"ஆனா ஆகட்டுமுங்க அம்மணி" என்றார்.

பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். கடைசிவரை எழுப்ப விடவில்லை.